வெயிலில் சூடேறும் டிஆர்4: ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன்

ஏப்ரல் 3: வாசகர் ஒருவரின் கூற்று

1963ஆம் ஆண்டு ட்ரையம்ப் டிஆர்4 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் கேஜின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. இந்த வண்டிகளின் குளிர்விப்பு அமைப்பு குளிர்நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதால் கோடையில் அது ஒருபோதும் போதாது என்பதே என் முடிவு. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் நீர் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும் அடைப்பை) கழற்றிவிட்டு, அலுமினிய ரேடியேட்டரும் பெரிய மின்விசிறியும் பொருத்தப் போகிறேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

ஏப்ரல் 3, இரவு

எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. டிஆர்4 வண்டிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. கலிஃபோர்னியாவின் கோடையிலும் அவை ஓடின. இந்த எஞ்சினின் மூதாதை ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரில் வந்தது. அதன் உறவான எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரில் வயலை உழுதது. காற்றே முன்னிருந்து வீசாத வேகத்தில் நாள் முழுவதும் உழைத்த குடும்பம் அது. ஆகவே வடிவமைப்பிலேயே குறை என்று தொடங்காதீர்கள். புதிதாக இருந்தபோது போதுமானதாக இருந்த அமைப்பு இப்போது ஏன் போதவில்லை என்று கேளுங்கள்.

ஒரு கேள்விக்கு விடை வேண்டும். முள் ஏறுவது வண்டி நெரிசலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் விரையும்போதா? நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. விரையும்போது ஏறினால் நீரோட்டத்திலோ, ரேடியேட்டரின் உட்புறத்திலோ, எஞ்சின் தேவைக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குவதிலோ இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. இது தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

ஏப்ரல் 4

தெர்மோஸ்டாட் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைக் கழற்றுவது இந்த எஞ்சினில் வெறும் பயனற்ற வேலை அன்று, நேரடியாகத் தீங்கு செய்யும் வேலை.

டிஆர்4 எஞ்சினில் தெர்மோஸ்டாட் அறையிலிருந்து வாட்டர் பம்புக்கு ஒரு சிறிய பைபாஸ் குழாய் போகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தக் குறுக்குவழியில் சுழன்று விரைவில் சூடேற வேண்டும் என்பதற்காக வைத்தது. ஆரம்பத்தில் பொருத்திய தெர்மோஸ்டாட்டில் ஒரு உலோக வளையம் உண்டு. நீர் சூடாகி அடைப்பு திறக்கும்போது அந்த வளையம் நகர்ந்து பைபாஸ் துளையை மூடிவிடும். அதன்பின் எல்லா நீரும் ரேடியேட்டர் வழியாகவே போயாக வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் சாதாரண தெர்மோஸ்டாட்டில் வளையம் இல்லை. அதைப் பொருத்தினாலும், தெர்மோஸ்டாட்டே இல்லாமல் விட்டாலும், பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் நீரில் ஒரு பங்கு குளிராமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினிலும் இதே ஏற்பாடு இருப்பதால், அந்த எஞ்சின் கொண்ட ஜாகுவார் ஈ-டைப் கார் வைத்திருப்பவர்களும் தம் தெர்மோஸ்டாட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

வளையமுள்ள தெர்மோஸ்டாட் கிடைக்காவிட்டால், பைபாஸ் குழாயின் வழியைச் சுருக்குவது பலரும் செய்யும் ஏற்பாடு. முழுவதும் அடைத்துவிடாமல் சிறு துளை விட்டு வைக்க வேண்டும். இல்லையேல் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை பம்ப் நீரை நகர்த்த வழியின்றிச் சுழலும், சிலிண்டர் ஹெட்டில் ஆங்காங்கே நீர் தேங்கிக் கொதிக்கும்.

ஏப்ரல் 4, பிற்பகல்

மேலே எழுதியதை ஒட்டி இரண்டு கேள்விகள் வந்துள்ளன.

82 டிகிரிக்குப் பதில் 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உதவாதா என்பது ஒன்று. தெர்மோஸ்டாட் எஞ்சினின் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டுமே நிர்ணயிக்கிறது. முள் 100க்கு அருகில் நிற்கும்போது இரண்டு தெர்மோஸ்டாட்டுகளும் முழுவதும் திறந்தே இருக்கும். அந்த நிலையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 74 டிகிரி தெர்மோஸ்டாட் நெரிசலில் மாட்டுவதற்கு முன் சில நிமிட அவகாசம் தரும். அவ்வளவுதான்.

நீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் குளிர நேரமிருக்காது, ஆகவே ஓட்டத்தைத் தடுக்கத் தெர்மோஸ்டாட் வேண்டும் என்பது இரண்டாவது. முடிவு சரி, காரணம் தவறு. நீர் மூடிய சுற்றில் ஓடுகிறது. வேகம் கூடினால் ரேடியேட்டரில் ஒருமுறை தங்கும் நேரம் குறைந்தாலும் அங்கே வரும் முறைகள் கூடுகின்றன, குழாய்ச் சுவரில் வெப்பம் கைமாறும் விகிதமும் உயர்கிறது. தெர்மோஸ்டாட்டின் தடை தரும் உண்மையான நன்மை வேறு. பம்ப் அந்தத் தடைக்கு எதிராகத் தள்ளும்போது எஞ்சின் பிளாக்குக்குள் அழுத்தம் சற்று உயர்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள மிகச் சூடான இடங்களில் நீர் ஆவிக்குமிழாக மாறுவதை அந்த அழுத்தம் தடுக்கிறது.

ஏப்ரல் 9

வாசகர் விடையளித்திருக்கிறார்: இரண்டு நிலைகளிலும் ஏறுகிறது, நெரிசலில் அதிகம்.

அப்படியானால் முதலில் கேஜையே சோதியுங்கள். தெர்மோஸ்டாட் அறையின் உலோகத்தில் மங்கலான கறுப்பு நாடாவை ஒட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, முள் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். பளபளக்கும் பித்தளையையோ அலுமினியத்தையோ நேராகக் குறிவைத்தால் உண்மையைவிட மிகக் குறைவாகவே காட்டும். நாடா ஒட்டச் சொன்னது அதற்காகத்தான். மின்வகைக் கேஜ்களில் இன்னொரு பொறி உண்டு. அவற்றுக்கு 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் பழுதாகி முழு 12 வோல்ட்டையும் விட்டுவிட்டால், வெப்பக் கேஜும் பெட்ரோல் கேஜும் சேர்ந்தே அதிகமாகக் காட்டும். டாங்கில் உள்ளதைவிட அதிகப் பெட்ரோல் காட்டுகிறதா என்று பாருங்கள். நன்றாக ஓடும் எஞ்சினை இந்தச் சிறு பெட்டிக்காகப் பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 10

இனி உட்புறம். இந்த எஞ்சினில் சிலிண்டர் லைனர்கள் (பிஸ்டன்கள் ஓடும் உருளைச் சுவர்கள்) நேரடியாக நீரில் நிற்கின்றன. அறுபது ஆண்டுத் துருவும் சுண்ணாம்புப் படிவும் லைனர்களின் அடியில், அதிலும் நீரோட்டம் குறைந்த பின்பகுதியில், சேறாக இறுகிக் கிடக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் திருகைத் திறந்து பாருங்கள். நீர் வராவிட்டால் உள்ளே நீர் இல்லை என்று பொருளன்று; துளையே சேற்றில் புதைந்திருக்கிறது.

என் வண்டி என்னிடம் வந்தபோது முந்தைய உரிமையாளர் பெரிய ரேடியேட்டரும் இரண்டு மின்விசிறிகளும் பொருத்தியிருந்தார். வெயிலில் அப்போதும் கொதித்தது. வடிகால் துளையில் கம்பியை விட்டுக் குத்தியபோதும் ஒரு சொட்டு வரவில்லை. பிளாக்கின் துளைகளை மூடியிருக்கும் கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, வளைந்த கம்பியாலும் நீரின் விசையாலும் கிளறி வெளியே கொண்டுவந்த செஞ்சேறு ஒரு வாளியின் அடியை மூடியது. வெளியே எத்தனை ரேடியேட்டர்களை அடுக்கினாலும், லைனரின் வெப்பம் நீரை எட்டுவதற்கே வழியில்லாதபோது அவற்றால் ஆவதென்ன? இரும்பு கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடச் சுண்ணாம்புப் படிவு கடத்தாது. மெல்லிய படலமே போதும், சிலிண்டர் சுவர் தனக்குள் வேக.

இந்த எஞ்சினின் பிளாக்கும் ஹெட்டும் இரும்பு என்பதால், சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பிச் சில மணிநேரம் ஓட்டி, பின் பலமுறை கழுவி வெளியேற்றலாம். அலுமினிய ஹெட் உள்ள எஞ்சின்களில் இதைச் செய்யாதீர்கள். அவற்றுக்கென விற்கும் மென்மையான கரைசலே பொருந்தும். லைனர்களின் அடியில் கசிவைத் தடுக்கும், 8 என்ற எண்ணின் வடிவிலான கேஸ்கெட்டுகள் மிகப் பழையவையாக இருந்தால், சேறு போனபின் அவை கசியத் தொடங்கவும் வாய்ப்புண்டு. அடுத்த சில நாட்கள் எஞ்சின் ஆயிலில் நீர் கலக்கிறதா என்று டிப்ஸ்டிக்கைக் கவனியுங்கள்.

ஏப்ரல் 17

ரேடியேட்டரின் முகப்பு முழுவதையும், விசிறி ஓடாத நிலையில், அந்த அகச்சிவப்பு வெப்பமானியால் வரிசையாக அளந்து பாருங்கள். சூடான பரப்பின் நடுவே குளிர்ந்த பட்டைகள் தெரிந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

அலுமினியம் பற்றி: செம்பு அலுமினியத்தைவிட நன்றாகவே வெப்பத்தைக் கடத்தும். புதிய அலுமினிய ரேடியேட்டர் நன்றாக உழைப்பதற்கு அதன் அகன்ற குழாய்களும் உறுதியான இணைப்புகளும் காரணம், உலோகம் அன்று. பழைய செம்பு ரேடியேட்டரில் குழாய்க்கும் மடிப்புத் தகட்டுக்கும் இடையிலான ஈயப்பற்று அரித்துப் போய், தகடுகள் வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கும். விரலால் அசைத்தால் ஆடும். அந்த நிலைக்கு வந்ததைக் கழுவிப் பயனில்லை. மேல் கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகக் கட்டலாம். நான் அதைத்தான் செய்தேன். வண்டியின் முகமும் மாறவில்லை.

குழாய் வரிசைகளை மூன்றிலிருந்து நான்காக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. விரையும் வண்டிக்கு அது உதவும். நிற்கும் வண்டியில் விசிறி இழுக்கும் சிறிதளவு காற்று அந்தத் தடித்த சுவரைக் கடக்கத் திணறும்; உங்கள் தொல்லை நெரிசலில்தான் அதிகம் என்றீர்கள்.

ஏப்ரல் 18

காற்று. ஒருவர் கிரில்லுக்குப் பின்னால் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார், அதைப் பார்த்ததும் இதை எழுதுகிறேன். அவர் வண்டியில் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருக்க வேண்டிய அட்டைத் தடுப்புகள் இல்லை. மீளமைப்பில் முதலில் குப்பைக்குப் போவது அந்த அட்டைதான், ஏனென்றால் அது நைந்து, நனைந்து, மதிப்பற்றதாகத் தெரியும். ஆனால் வண்டியின் வாய்க்குள் நுழையும் காற்றை ரேடியேட்டர் வழியாகப் போகும்படி கட்டாயப்படுத்துவது அது ஒன்றே. அது இல்லாவிட்டால் காற்று எளிய வழியைத் தேடி, ரேடியேட்டரின் பக்கங்களிலும் மேலும் கீழும் நழுவிப் போய்விடும். புதிய அட்டை கிடைக்கும். கிடைக்காவிட்டால் மெல்லிய அலுமினியத் தகட்டில் வெட்டி, விளிம்புகளில் நுரைப்பட்டை ஒட்டுங்கள். நெடுஞ்சாலையில் என் வண்டிக்கு வேறெந்தப் பொருளும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரவில்லை.

கிரில்லின் முன் கட்டிய துணை விளக்குகளையும் சின்னங்களையும் கழற்றுங்கள். அழகுதான், ஆனால் கோடையில் வேண்டாம்.

மே 2

எஞ்சின் மேல்மூடியான பானெட்டின் பின்விளிம்பைத் துண்டு வைத்துத் தூக்கினால் வெப்பம் வெளியேறும் என்று பலர் செய்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும்போது வெளியேறும், அதை மறுக்கவில்லை. ஓடும்போது முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதி அழுத்தம் உயர்கிறது. அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே நுழையத்தான் பார்க்கும். எஞ்சின் அறையில் அழுத்தம் ஏறினால் ரேடியேட்டர் வழியே வரும் காற்று குறையும். ரேடியேட்டருக்கு முன்னால் அழுத்தம் எவ்வளவு முக்கியமோ, பின்னால் அழுத்தம் இல்லாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். நெரிசலில் மட்டும் ஓட்டுபவர் தூக்கி வைக்கட்டும். நீண்ட தூரம் போகும்போது இறக்கிவிடுங்கள்.

மே 3

மின்விசிறி. டிஆர்4இன் இயல்பான விசிறி கிராங்க் தண்டின் முனையில் இருப்பதால் தாழ்வாக அமைந்து, ரேடியேட்டரின் மேற்பகுதியை அரைகுறையாகவே தொடுகிறது; ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) மெதுவாகவும் சுழல்கிறது. ஆகவே இந்த வண்டியில் மின்விசிறி நியாயமான சேர்க்கை. ஆனால் மேலே சொன்னவற்றை எல்லாம் முடித்த பிறகே.

டிஆர்4 பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்தது. நிறத்தைப் பார்த்து வழக்கம்போல் கம்பிகளை இணைத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று, வரும் காற்றையே திருப்பித் தள்ளும். ஓசை கேட்கும், வேலை நடக்காது. ரேடியேட்டரின் முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள்; தாள் ரேடியேட்டரோடு ஒட்ட வேண்டும். அடுத்தது மின்சாரம்: இந்த வண்டிக்கு மின்சாரம் தரும் லூகாஸ் சி40 டைனமோவின் உச்சம் 22 ஆம்பியர், ஐடிலில் அது தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரவு நெரிசலில் விளக்கும் விசிறியும் பேட்டரியையே தின்னும். ஜாகுவார் 1964இல் ஈ-டைப்பை 4.2 லிட்டராக்கியபோது டைனமோவை விட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறியது. நீங்களும் பெரிய விசிறி வைப்பதானால் அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். விசிறிக்கு ரிலேயும் ஃபியூஸும் தனியாக வேண்டும்.

ஏறத்தாழ 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விசிறிக்கு வேலையே இல்லை. அதற்கு மேல் ஓடும்போது விசிறி தேவைப்படுகிறதென்றால் வேறெங்கோ குறை இருக்கிறது.

மே 3, இரவு

மற்ற வண்டிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. ஈ-டைப் தொடக்கத்திலிருந்தே மின்விசிறியோடு வந்தது. 1968இல் வந்த இரண்டாம் வரிசையில் வாயைப் பெரிதாக்கி இரண்டு விசிறிகள் வைத்தார்கள், ஆகவே முதல் வரிசையின் குறையைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள் எனலாம். ட்ரையம்ப் ஸ்டாக் வி8இல் வாட்டர் பம்ப் எஞ்சினின் உச்சியில் இருப்பதால், நீர்மட்டம் சிறிது குறைந்தாலும் பம்ப் வெறுங்காற்றைப் பிடித்துவிடும். அங்கே நீர்மட்டத்தைக் காப்பதே முதல் வேலை. பழைய போர்ஷே 911இல் நீரே இல்லை. விசிறியும் ஆயிலும்தான் குளிர்விக்கின்றன. 1969 மாதிரி 911எஸ் முன்புறத்தில் தனி ஆயில் கூலரோடு வந்ததிலிருந்தே ஆயிலின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும்.

மே 21

கூலன்ட்டும் (குளிர்விக்கும் நீர்க்கலவையும்) ரேடியேட்டர் மூடியும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் ஏறத்தாழ 111 டிகிரியிலும், 15 பவுண்டு மூடியின் கீழ் ஏறத்தாழ 121 டிகிரியிலும் கொதிக்கும். மூடி வெப்பத்தைக் குறைக்காது, கொதிநிலையை உயர்த்துகிறது. ரப்பர் இறுகிய மூடியைக் கட்டாயம் மாற்றுங்கள், ஆனால் குறைந்த அழுத்தத்துக்குப் பற்றுவைத்த பழைய ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் 15 பவுண்டை ஏற்றாதீர்கள்.

கிளைக்காலை (உறைவதைத் தடுக்கும் திரவத்தை) நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை உயரும், ஆனால் கலவை சுமக்கும் வெப்பம் எடைக்கு எடை ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். நீர் உறையாத காலநிலையில் வாழ்பவருக்கு நான்கில் ஒரு பங்கு கிளைக்காலும் மிச்சம் காய்ச்சி வடித்த நீரும் போதும். துருத்தடுப்பு மருந்தின் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் நீர் வேண்டவே வேண்டாம், ஏப்ரல் 10இல் சொன்ன சேறு வந்தது அதனால்தான்.

ஒருவர் தம் வண்டி நிறுத்திய பிறகு நீரைக் கக்குவதாக எழுதினார். ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்புகிறீர்களா? நீர் குளிர்நிலையிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது 4 விழுக்காடு விரிகிறது. 10 லிட்டருக்கு 400 மில்லி. அந்த இடத்தை விட்டு வைக்காவிட்டால் அமைப்பு தானே வெளியேற்றிக்கொள்ளும். நிறுத்திய பின் முள் ஏறுவதும் இயல்பு, பம்ப் நின்றதும் ஹெட்டின் வெப்பம் நகராத நீரில் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அளவுக்கு மேல் நீர் குறைந்துகொண்டே போனால் மட்டும், ஹெட் கேஸ்கெட் வழியே எரிந்த வாயு நீரில் கலக்கிறதா என்று, நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவத்தால் பாருங்கள்.

மே 22

சூடான வண்டி நின்றுபோய் மீண்டும் கிளம்ப மறுத்தால் அதை எஞ்சின் கொதித்ததாக எண்ண வேண்டாம். பெட்ரோலின் லேசான பகுதி 35 டிகிரி அளவிலேயே ஆவியாகத் தொடங்குகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் எளிதில் ஆவியாகும். எக்ஸாஸ்டுக்கு மேலே தொங்கும் கார்புரேட்டர்களுக்கு அடியில் வெப்பத்தடுப்புத் தகடு இருக்கிறதா, பெட்ரோல் குழாய் எஞ்சினைத் தொடுகிறதா என்று பாருங்கள். முள் 85இல் நின்றபடியே வண்டி அணைந்ததென்றால் காரணம் இதுவே.

ஜூன் 6

முதலில் கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார். பிளாக்கைக் கழுவி, வளையமுள்ள தெர்மோஸ்டாட்டும் அட்டைத் தடுப்பும் பொருத்தியதில், பழைய ரேடியேட்டரோடேயே வண்டி நெரிசலில் 92 டிகிரிக்கு மேல் போவதில்லை. மகிழ்ச்சி. நீண்ட ஏற்றங்களில் மட்டும் இன்னும் 100ஐ நெருங்குகிறது. ஆகவே ஆயில் கூலர் வாங்கலாமா என்கிறார்.

இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, அளந்தீர்களா? தீப்பொறி தாமதித்தால் கலவை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்வரை எரிந்துகொண்டிருக்கும். சக்தியாக வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் துளைகளைச் சுற்றியுள்ள நீருக்குள் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், எஞ்சின் வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்னதாக்கும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஐடிலில் எல்லாம் சரியாகத் தெரியும், சுழற்சி கூடும்போதுதான் தாமதம் வெளிப்படும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிலும் 3000 சுழற்சியிலும் டைமிங் விளக்கால் பாருங்கள். பிறகு அந்த வாக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள டயஃப்ரம் காற்றைப் பிடித்து நிறுத்துகிறதா என்று சோதியுங்கள். ஏற்றம் முடிந்த இடத்தில் எஞ்சினை அணைத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், வெளுத்த வெண்மை கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும். அதுவும் வெப்பத்தைக் கூட்டும்.

இரண்டு டைமிங் அளவுகளையும் பிளக்கின் நிறத்தையும் இங்கே எழுதுங்கள். ஆயில் கூலரைப் பற்றி அவற்றைப் பார்த்த பிறகு பேசுவோம்.